கியர்பாக்ஸ் போயிடுச்சா?

பழைய ஆட்டோமேட்டிக் கார் தடுமாறும்போது, பெட்டியைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

"கியர்பாக்ஸ் போயிடுச்சு சார். வேறதான் போடணும்."

திருச்சி புறநகரில், கண்ணாடி முகப்பு வைத்த ஒர்க்‌ஷாப் அது. காரை விட்டுப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. பானட்டைத் திறந்து பார்த்தார்கள், லீவரை முன்னும் பின்னும் நகர்த்தினார்கள், காம்பவுண்டுக்குள் ஒரு சுற்று ஓட்டினார்கள். கையில் வந்த கொட்டேஷனில் 1,35,000 ரூபாய். சென்னை புதுப்பேட்டையிலிருந்து ஒரு பழைய கியர்பாக்ஸை வாங்கிப் பொருத்துவார்களாம், மூன்று மாதம் வாரண்டியாம். காரையே விற்றால் இரண்டு லட்சம் தேறாது.

கார் என் பெரியப்பாவுடையது. 2009-ஆம் ஆண்டு மாடல், ஐந்து கியர் ஆட்டோமேட்டிக் செடான். மன்னார்குடி பக்கத்தில் பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று வயதில் வந்த போலியோவில் இடது கால் சூம்பிவிட்டது. கிளட்ச் மிதிக்க முடியாது. இந்த ஆட்டோமேட்டிக் வந்த பிறகுதான் யாரையும் கேட்காமல் கும்பகோணத்துக்குப் போகவும், பேத்தியை ரயிலேற்றிவிடவும், நினைத்த நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகவும் அவரால் முடிந்தது. கொட்டேஷனை இரண்டு முறை படித்துவிட்டு மடித்து என்னிடம் கொடுத்தார். "விட்ரலாம்டா தம்பி. இனிமே எங்கே போகப் போறேன்" என்றார்.

அந்த வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. இதை எழுதுவதற்கும் அதுதான் காரணம். முழங்கால் தேய்ந்தவர்கள், பக்கவாதத்துக்குப் பிறகு ஓட்டப் பழகியவர்கள், ஒரு கால் இல்லாதவர்கள் என்று ஆட்டோமேட்டிக்கை நம்பியே வெளியே போய்வருகிறவர்கள் நம் ஊர்களில் நிறைய. அவர்களில் பலருக்குப் புதுக் கார் கட்டுப்படியாகாது. பத்துப் பதினைந்து வருடம் ஓடிய கார்தான் கிடைக்கும். அந்தக் கார் ஒரு நாள் தடுமாறும்போது, எதையும் அளந்து பார்க்காமல் "பெட்டி போச்சு" என்று ஒருவர் சொல்லிவிட்டால் அவர்களின் நடமாட்டமே நின்றுபோகிறது.

மஸ்கட் அண்ணன்

தஞ்சாவூரில் ஒருவர் இருக்கிறார் என்று டாக்ஸி ஓட்டும் நண்பர் சொன்னார். மஸ்கட்டில் பதினெட்டு வருடம் வேலை பார்த்துத் திரும்பியவர். ஆட்டோமேட்டிக் வேலை தெரிந்த நம்மூர் மெக்கானிக்குகளைத் தேடிப் போனால் பலர் வளைகுடாவில் கற்றவர்களாகவே இருப்பார்கள். இங்கே மேனுவல் கியரே ஆண்ட காலத்தில், அங்கே தினமும் ஆட்டோமேட்டிக்கைத் திறந்து மூடியவர்கள் அவர்கள்.

தகரக் கொட்டகை, ஒரே ஒரு லிஃப்ட், ஓரமாக ஒரு பெஞ்ச். காரைத் தொடுவதற்கு முன்பே பெரியப்பாவை உட்காரவைத்துக் கேட்க ஆரம்பித்தார்.

"காலைல முதல் தடவை எடுக்கும்போது படுத்துதா, ஓடிச் சூடானப்புறமா சார்?"

"காலைலதான். ரிவர்ஸ் போட்டா ரெண்டு மூணு செகண்ட் சும்மா நிக்கும். அப்புறம் டமார்னு விழும்."

"ரோட்டுல?"

"அறுபது எழுபதுல போறப்ப வண்டியே நடுங்குது. கரடுமுரடான ரோட்டுல போற மாதிரி."

"திடீர்னு இழுக்காமப் போச்சுன்னீங்களே, அது?"

"போன வாரம். மீட்டர்ல 'டி' விளக்கு மினுக் மினுக்குன்னுச்சு. அதுக்கப்புறம் சிக்னல்ல கிளம்பவே மாட்டேங்குது. ஓட ஆரம்பிச்சுட்டா பரவாயில்லை."

கடைசியாக யார் ஆயில் மாற்றினார்கள், என்ன ஆயில் ஊற்றினார்கள், வண்டி எப்போதாவது வெள்ளத்தில் நின்றதா, கயிறு கட்டி இழுத்தார்களா, பேட்டரி எப்போது மாற்றியது என்று இருபது நிமிடம் போனது. பிறகு, "செக் பண்ணிச் சொல்றதுக்கு மட்டும் 1,500 ரூபாய் வாங்குவேன் சார். வேலை இங்கே பார்த்தாலும் சரி, பார்க்கலைன்னாலும் சரி" என்றார். பெரியப்பா என்னைப் பார்த்தார். சும்மா பார்த்துச் சொல்வதற்குக் காசா?

கொடுக்கத்தான் வேண்டும் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். ஸ்பேர் பார்ட்ஸுக்கு நாம் பேரம் பேசாமல் கொடுக்கிறோம், லேபருக்கு முனகிக்கொண்டே கொடுக்கிறோம், கோளாறைக் கண்டுபிடிக்கும் மூளைக்கு மட்டும் கொடுப்பதே இல்லை. கண்டுபிடிப்பதற்குக் கூலி இல்லை என்றால், கண்டுபிடிக்காமல் மாற்றிப்போடுவதுதான் தொழிலாகும்.

உள்ளே என்ன நடக்கிறது?

அவருடைய கேள்விகளின் அர்த்தம் புரிய, பெட்டிக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

மேனுவல் காரில் என்ஜினையும் கியர்பாக்ஸையும் கிளட்ச் தட்டு ஒன்றோடொன்று அழுத்திப் பிடிக்கிறது. பழைய ஆட்டோமேட்டிக்கில் அந்த இடத்தில் இருப்பது டார்க் கன்வெர்ட்டர். நிறைந்த பாயச அண்டாவில் ஒரு கரண்டியை வேகமாகச் சுழற்றினால், பக்கத்தில் கிடக்கும் இன்னொரு கரண்டியும் சேர்ந்து சுழலும் இல்லையா? அப்படி, என்ஜின் சுழற்றும் எண்ணெய், எதிரே உள்ள இறக்கைகளைத் தள்ளி வண்டியை நகர்த்துகிறது. ஜெர்மன் பொறியாளர் ஹெர்மன் ஃபாட்டிங்கர் 1905-இல் இதற்குக் காப்புரிமை பெற்றபோது அவர் மனதில் இருந்தது கார் இல்லை, கப்பல். காருக்குள் முழு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பெரிய அளவில் விற்பனைக்கு வந்தது ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஓல்ட்ஸ்மொபைலில் ஹைட்ரா-மேட்டிக்கைக் கொடுத்தபோது. 1940 மாடல் அது.

கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள கியர்களைப் பிடிக்கவும் விடவும் தட்டுத் தட்டாக அடுக்கிய சிறு கிளட்சுகள் இருக்கின்றன. அந்தத் தட்டுகளின் மேல் ஒட்டியிருப்பது காகிதம் போன்ற ஒரு நார்ப்பொருள். அவற்றை அழுத்துவது எண்ணெயின் அழுத்தம். எந்த நேரத்தில் எந்தக் கிளட்சுக்கு எண்ணெய் போக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது வால்வ் பாடி. டெல்டாக்காரருக்கு இதை விளக்குவது சுலபம். வால்வ் பாடி என்பது வாய்க்கால்களின் பின்னல். சோலினாய்டுகள் அதன் மதகுகள். கம்ப்யூட்டர் மதகைத் திறக்கச் சொல்கிறது. பம்ப் தண்ணீர் விடுகிறது. வாய்க்காலில் போதிய தண்ணீர் இல்லை என்றால் மதகு சரியாகத் திறந்தும் கடைமடை வயல் காயும்.

இப்போது அண்ணனின் முதல் கேள்விக்கு வரலாம். காலையில் மட்டும் தாமதம் என்றால், ரப்பர் சீல்கள் இறுகிப்போய்க் குளிரில் எண்ணெயைக் கசியவிட்டிருக்கலாம், அல்லது எண்ணெயே குறைந்திருக்கலாம். சூடான பிறகு மட்டும் தொல்லை என்றால், எண்ணெய் நீர்த்து உள்ளே எங்கோ தேய்ந்த இடுக்கு வழியாக அழுத்தம் ஒழுகலாம். சூட்டில் தொடர்பு விட்டுப்போகும் சோலினாய்டும் இப்படிச் செய்யும். எல்லாக் கியரும், ரிவர்ஸும் சேர்ந்தே வழுக்கினால் சந்தேகம் பொதுவான இடத்துக்குப் போக வேண்டும்: எண்ணெய் அளவு, ஃபில்டர், பம்ப். ஒரே ஒரு கியர் மட்டும் இல்லையென்றால் அந்தக் கியரின் கிளட்ச் அல்லது அதன் மதகு.

அதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. பழைய நான்கு கியர் பெட்டிகள் பலவற்றில் மூன்றாவது கியருக்கும் ரிவர்ஸுக்கும் பொதுவாக ஒரு கிளட்ச் உண்டு. மூன்றாவதும் வழுக்குகிறது, ரிவர்ஸும் வழுக்குகிறது, முதலும் இரண்டாவதும் நன்றாக இருக்கின்றன என்று ஓட்டுநர் தெளிவாகச் சொல்லிவிட்டால், பெட்டியைத் திறக்காமலேயே குற்றவாளி யார் என்று மெக்கானிக்குக்குத் தெரிந்துவிடும். எந்தக் கியரில் எந்தக் கிளட்ச் வேலை செய்கிறது என்ற அட்டவணை ஒவ்வொரு மாடலின் ஒர்க்‌ஷாப் மேனுவலிலும் இருக்கிறது. அண்ணனிடம் அது நைந்துபோன ஜெராக்ஸ் கட்டாக இருந்தது.

வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு

அவர் முதலில் தொட்டது டிப்ஸ்டிக்கை. ஆட்டோமேட்டிக் ஆயிலின் அளவைப் பார்ப்பதில் நடக்கும் தவறுகளைப் பற்றியே தனிக் கட்டுரை எழுதலாம். குளிர்ந்திருக்கும்போது பார்த்தால் அளவு குறைவாகக் காட்டும். பதினைந்து இருபது கிலோமீட்டர் ஓட்டி, ஆயில் சூடேறிய பிறகு, சமதளத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். பெரும்பாலான கார்களில் என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, பிரேக்கை மிதித்து லீவரை எல்லா நிலைகளுக்கும் ஒரு முறை கொண்டுபோய் 'பி'க்குத் திரும்பிய பிறகு பார்க்கச் சொல்வார்கள். ஹோண்டாவின் பல மாடல்களில் நேர்மாறு. என்ஜினை நிறுத்தி, 60 முதல் 90 விநாடிக்குள் பார்க்க வேண்டும். சில கார்களில் டிப்ஸ்டிக்கே கிடையாது. குறிப்பிட்ட வெப்பநிலையில் அடியில் உள்ள திருகைக் கழற்றி, எண்ணெய் வழிகிறதா என்று பார்க்க வேண்டும். உங்கள் காரின் கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் முறை. அளவைத் தவறாகப் பார்த்துவிட்டு மேலும் ஊற்றினால் அதுவும் ஆபத்து. கூடுதல் எண்ணெயைக் கியர்கள் கடைந்து நுரைக்க வைக்கும். நுரைக்கு அழுத்தம் கிடையாது.

பெரியப்பாவின் காரில் குச்சியின் கீழ்க்கோட்டைக்கூட ஆயில் தொடவில்லை. பிறகு ஊற்றிப் பார்த்ததில் ஏறக்குறைய ஒரு லிட்டர் குறைவு என்று தெரிந்தது. எங்கே போயிற்று? காரைத் தூக்கி டார்ச் அடித்தார். ரேடியேட்டருக்குப் போகும் கூலர் ஹோஸின் கிளிப் தளர்ந்து, அந்த இடம் முழுக்க அழுக்கேறிய எண்ணெய்ப் பிசுக்கு. ஓடும்போது மட்டும் ஒழுகியதால் தரையில் கறை தெரியவில்லை.

குச்சியில் இருந்த ஆயிலை ஒரு வெள்ளைத் துணியில் சொட்டவிட்டு முகர்ந்தார். புது ஆயில் பெரும்பாலும் செந்நிறமாக, ஒளி ஊடுருவும்படி இருக்கும். பழசாக ஆகப் பழுப்பாகும். அது மட்டும் பயப்பட வேண்டிய விஷயம் இல்லை. கறுத்து, அடிப்பிடித்த பாத்திரம் போலத் தீய்ந்த வாடை அடித்தால் கிளட்ச் தட்டுகள் எரிந்திருக்கின்றன. இவருடையது அடர்பழுப்பு. வாடை லேசாகத்தான் இருந்தது. "இன்னும் உசுரு இருக்கு" என்றார்.

எல்லாவற்றையும்விட மோசமான நிறம் ஒன்று உண்டு: ரோஸ் மில்க் நிறம். துணியில் அது தெரிந்தால் வண்டியை ஓட்டவே கூடாது. பல கார்களில் கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கிறது. அது துருப்பிடித்து ஓட்டையானால் கூலண்ட் ஆயிலோடு கலந்துவிடும். கிளட்ச் தட்டின் நார்ப்பொருளை ஒட்டவைத்திருக்கும் பசைக்குத் தண்ணீர் எமன். நார் ஊறி, உரிந்து, வாய்க்கால்களை அடைக்கும்.

வெள்ளத்தில் நின்ற கார்களுக்கும் இதே கதிதான். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் கார்கள் கூட்டம் கூட்டமாக மூழ்கின. சீட்டையும் கார்ப்பெட்டையும் மாற்றி, உள்ளே வாசனை தெளித்து, வெளியூர்ச் சந்தைக்கு வரும் கார்கள் உண்டு. கியர்பாக்ஸின் சுவாசக் குழாய் வழியாகவோ டிப்ஸ்டிக் குழாய் வழியாகவோ தண்ணீர் புகுந்திருந்தால், பல மாதங்கள் கழித்துத்தான் பெட்டி வழுக்க ஆரம்பிக்கும். பழைய ஆட்டோமேட்டிக் வாங்குகிறவர்கள் ஒரு வெள்ளைத் துணியோடு போங்கள். விற்கிறவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

எண்ணிப் பார்த்தல், ஓட்டிப் பார்த்தல்

அடுத்து ஸ்டாப்வாட்ச். என்ஜினைச் சூடாக்கி, பிரேக்கை அழுத்தி, 'என்'னிலிருந்து 'டி'க்கும் பிறகு 'ஆர்'க்கும் மாற்றி, வண்டி 'பிடிக்கும்' அந்த லேசான உதறல் வரும்வரை எவ்வளவு நேரம் என்று பார்த்தார். டொயோட்டாவின் மேனுவல்கள் 'டி'க்கு 1.2 விநாடிக்குள், 'ஆர்'க்கு 1.5 விநாடிக்குள் என்று வரம்பு சொல்கின்றன. மற்ற கார்களுக்கும் ஏறத்தாழ இதை ஒரு அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் அனுபவம். ஒரு லிட்டர் ஆயில் ஊற்றும் முன் எங்களுக்கு ரிவர்ஸ் பிடிக்க இரண்டரை விநாடிக்கு மேல். ஊற்றிய பின் ஒன்றரை.

'டமார்' என்ற அடி மட்டும் குறையவில்லை. அண்ணன் பானட்டைத் திறந்துவைத்து, பெரியப்பாவைப் பிரேக்கை அழுத்தியபடியே 'டி', 'ஆர்' மாறிமாறிப் போடச் சொல்லிவிட்டு, தான் ஓரமாக நின்று பார்த்தார். என்ஜின் ஒரு சாண் உயரத்துக்கு எகிறிக் குதித்தது. ரப்பர் மவுண்ட் கிழிந்திருந்தது. கியர்பாக்ஸுக்கும் அந்தச் சத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை.

பிறகு, மினுங்கிய 'டி' விளக்கைச் சரிசெய்துவிட்டு (அந்தக் கதை அடுத்து வருகிறது), ரோட்டில். மெதுவாகக் காலை வைத்து, எந்த வேகத்தில் எந்தக் கியர் விழுகிறது என்று கவனித்தார். கியர் மாறும் கணத்தில் ஆர்.பி.எம். முள் திடீரென மேலேறி, வண்டியின் வேகம் ஏறாமல் நின்றால் தட்டு வழுக்குகிறது. அது இல்லை. எழுபதில் நடுக்கம் வந்தது. உடனே அவர் ஆக்ஸிலரேட்டரை விடாமல், இடது காலால் பிரேக் பெடலைத் தொட்டும் தொடாமலும் தட்டினார். நடுக்கம் சட்டென்று நின்றது. காலை எடுத்தார். மறுபடி வந்தது.

இந்த ஒரு சோதனையை எல்லா ஓட்டுநர்களும் தெரிந்துகொள்வது நல்லது என்பேன். சீரான வேகத்தில் போகும்போது எரிபொருளை மிச்சப்படுத்த, டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் ஒரு பூட்டுக் கிளட்ச் இரண்டு பக்கத்தையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். ஆயில் தன் குணத்தை இழந்தால் அந்தக் கிளட்ச் பிடிக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் விட்டுவிட்டுப் பிடித்து நடுங்கும். பிரேக் விளக்கு எரிந்தால் கம்ப்யூட்டர் அந்தப் பூட்டை விடுவித்துவிடும். அதோடு நடுக்கமும் நின்றால் காரணம் பூட்டுக் கிளட்ச். நிற்காவிட்டால் ஸ்பார்க் பிளக், காயில், டயர், ஆக்ஸில் பக்கம் தேட வேண்டும். இந்தச் சோதனையைச் செய்யாமல் பிளக்கும் காயிலும் மாற்றிப் பணம் இழந்தவர்களும் உண்டு. வெறும் காயில் கோளாறுக்குக் கியர்பாக்ஸைக் கழற்றியவர்களும் உண்டு. வெறிச்சோடிய நேரான ரோட்டில், பின்னால் வண்டி வராதபோது மட்டும் செய்யுங்கள்.

'ஸ்டால் டெஸ்ட்' என்று ஒன்று சொல்வார்கள். பிரேக்கை முழுக்க அழுத்திப் பிடித்தபடி ஆக்ஸிலரேட்டரையும் முழுக்க மிதித்து ஆர்.பி.எம். எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பது. நிர்ணயித்த அளவுக்கு மேல் ஏறினால் தட்டுகள் வழுக்குகின்றன, கீழே நின்றால் என்ஜினில் வலு இல்லை அல்லது கன்வெர்ட்டருக்குள் கோளாறு. ஐந்து விநாடிக்கு மேல் போனால் ஆயில் கொதித்துவிடும். பிரேக் நழுவினால் எதிரே நிற்பவர் மேல் ஏறும். வீட்டில் யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம். தஞ்சாவூர்க்காரரும் எங்கள் காரில் செய்யவில்லை. பழைய பெட்டிக்கு அந்தச் சித்திரவதை தேவையில்லை என்றார்.

எலி

ரோட்டுக்குப் போகும் முன் அவர் முடித்த வேலை அந்த மினுங்கிய 'டி' விளக்கு. ஸ்கேனரை மாட்டினார். பி0700 என்ற எண்ணோடு இன்னொன்றும் வந்தது: பி0715.

பி0700-ஐப் பார்த்ததும் கியர்பாக்ஸ் காலி என்று முடிவு கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது தபால்காரர் மாதிரி. கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு புகார் பதிவாகியிருக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் இல்லை. உண்மையான சேதி அடுத்த எண்ணில் இருக்கும். பி0741 என்றால் பூட்டுக் கிளட்ச் பிடிக்கவில்லை. பி0730 என்றால் கியர் விகிதம் கணக்கோடு ஒத்துவரவில்லை. பி0750 என்றால் ஒரு ஷிஃப்ட் சோலினாய்டில் சிக்கல். பி0715 என்பது உள்ளே வரும் வேகத்தை அளக்கும் சென்சாரின் இணைப்பில் கோளாறு. ஆன்லைனில் கிடைக்கும் மலிவான புளூடூத் கருவிகள் பெரும்பாலும் என்ஜின் எண்களோடு நின்றுவிடும். கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர்வரை போய்ப் படிக்கும் ஸ்கேனர் வேண்டும்.

எண் வந்ததும் சென்சாரை மாற்றிவிடுவது சுலபம். அண்ணன் மல்டிமீட்டரை எடுத்தார். சென்சாரின் முனையில் அளந்தார், சரியாக இருந்தது. கம்ப்யூட்டர் பக்கம் அளந்தார், எதுவும் இல்லை. நடுவில் எங்கோ அறுந்திருக்கிறது. ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றியபோது கண்ணில் பட்டது: இரண்டு ஒயர்களை எலி கடித்துத் துப்பியிருந்தது. பக்கத்தில் காய்ந்த வேப்பங்கொட்டைகள். பெரியப்பா காரை நிறுத்துவது வேப்ப மரத்தடியில்.

உள்வேகம் தெரியாத கம்ப்யூட்டர், பெட்டியைக் காப்பாற்றுவதற்காக எல்லா மதகுகளுக்கும் மின்சாரத்தை நிறுத்திவிட்டது. அப்போது எண்ணெய் தானாகப் போகும் வழியில் வண்டி ஒரே கியரில், பல கார்களில் மூன்றாவதில், நின்றுகொள்ளும். வீடுபோய்ச் சேருவதற்கான ஏற்பாடு அது. மூன்றாவது கியரில் கிளம்பினால் மேனுவல் காரும் திணறத்தானே செய்யும்? "இழுக்கலை, பெட்டி போச்சு" என்று திருச்சியில் சொன்னது இதைத்தான். ஒயரை இணைத்து, சாலிடர் வைத்து, உறை போட்டுச் சுற்ற முக்கால் மணி நேரம்.

மின்சாரத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீக்கான பேட்டரியும், உப்புப் பூத்த எர்த் கேபிளும் ஆட்டோமேட்டிக் கம்ப்யூட்டரைப் பைத்தியமாக்கும். விலை குறைந்த பிரேக் சுவிட்ச் கெட்டால் லீவர் 'பி'யைவிட்டு நகரவே நகராது. அதுவும் கியர்பாக்ஸ் ஜாம் என்ற பெயரில் ஒர்க்‌ஷாப்புக்குக் கயிறு கட்டி இழுத்துப் போகப்படும். அந்த இழுவைதான் கொடுமை. ஆட்டோமேட்டிக்கில் பம்ப்பைச் சுழற்றுவது என்ஜின். என்ஜின் நின்றிருக்க, ஓட்டும் சக்கரங்கள் தரையில் உருண்டால் உள்ளே சொட்டு எண்ணெய் போகாது, நல்ல பெட்டியும் அரைபட்டுப் போகும். லாரி மேல் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். தள்ளி ஸ்டார்ட் செய்யவும் முடியாது.

ஆயில் மாற்றினால் பெட்டி போய்விடுமா?

நடுக்கத்துக்கு மருந்து புது ஆயில். இங்கேதான் பெரியப்பா தயங்கினார். "இத்தனை வருஷம் மாத்தாத வண்டில ஆயில் மாத்தினா கியர்பாக்ஸ் போயிடும்னு சொல்றாங்களே?"

இந்தப் பயத்துக்குப் பின்னால் கொஞ்சம் உண்மை இருக்கிறது. தட்டுகள் ஏற்கெனவே கரைந்து, அந்தத் தூள் ஆயிலில் மிதந்து ஏதோ பிடிமானம் கொடுத்துக்கொண்டிருக்கும் நிலையில், ஆயிலை மாற்றியதும் வழுக்கல் வெளிப்படும். ஆனால் தட்டைத் தின்றது புது ஆயில் இல்லை. பல வருடம் மாற்றாமல் விட்ட பழைய ஆயில். "வாழ்நாள் முழுக்க மாற்ற வேண்டாம்" என்று பல கார் நிறுவனங்கள் எழுதிவைத்த வாசகம்தான் பழைய கார்க்காரர்களுக்குப் பெரும் துரோகம் என்று நினைக்கிறேன். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களைத் தயாரிக்கும் ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனமே தன் பெட்டிகளுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு வருடத்தில், ஆயில் மாற்றச் சொல்கிறது. நம் ஊர் வெயிலிலும் நெரிசலிலும் அதைவிட முன்னதாகவே மாற்றுவது நியாயம்.

மெஷின் வைத்து அழுத்தி அலச வேண்டாம் என்றார் அண்ணன். அடியில் படிந்த அழுக்கு கிளம்பி வால்வ் பாடியில் சிக்கும். வடித்து ஊற்றுவதுதான் பத்திரம். அதில் ஒரு கணக்கு இருக்கிறது. மொத்தம் ஏழு லிட்டர் கொள்ளும் பெட்டியில் திருகைக் கழற்றினால் மூன்று லிட்டர்தான் வடியும். மீதி கன்வெர்ட்டருக்குள் தங்கிவிடும். ஒரு முறை மாற்றினால் பாதிக்கு மேல் பழசு. சில நூறு கிலோமீட்டர் ஓட்டி இரண்டாவது முறை மாற்றினால் மூன்றில் ஒரு பங்கு. மூன்றாவது முறைக்குப் பிறகு ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்தக் காருக்கு எழுதிய ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும். பெயரில் ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) என்று இருப்பதெல்லாம் ஒன்றல்ல. உராய்வுக் குணம் ஒவ்வொன்றுக்கும் வேறு.

பல கார்களில் ஆயிலை வடிக்கும் திருகின் முனையில் ஒரு காந்தம் இருக்கும். அதில் பூசிய மாதிரி மெல்லிய சாம்பல் நிறப் பசை இருந்தால் இயல்பான தேய்மானம். நகவெட்டுத் துண்டு போல இரும்புச் செதில் இருந்தால் பேரிங்கோ கியரோ உடைகிறது. எங்களுடையதில் பசை மட்டும். அண்ணன் அதை விரலில் தேய்த்துப் பெரியப்பாவிடம் காட்டினார்.

அதே கொட்டகையில் அன்று இன்னொரு காரும் நின்றது. அதன் ஆயில் பாத்திரத்தில் செதில்கள் டார்ச் வெளிச்சத்தில் மின்னின. தீய்ந்த வாடை பெஞ்ச்வரை அடித்தது. அந்தக் குடும்பத்துக்கு அவர் நல்ல சேதி எதுவும் சொல்லவில்லை. பெட்டியைத் திறந்தே ஆக வேண்டும், கன்வெர்ட்டரும் கூலரும் மாற்றாமல் வெறும் தட்டு மட்டும் மாற்றினால் மீண்டும் வரும் என்று தாளில் எழுதிக் கொடுத்தார். ஆமாம், சில பெட்டிகள் உண்மையாகவே போய்விடுகின்றன. அப்போதும் எதனால் போயிற்று என்று சொல்ல முடிகிறவரிடம்தான் வேலையைக் கொடுக்க வேண்டும். காரணம் தெரியாமல் பொருத்தும் புதுப்பேட்டைப் பெட்டி, அதே அடைத்த கூலரோடு அதே சாவு சாகும்.

இதுவரை சொன்னது டார்க் கன்வெர்ட்டர் கார்களுக்கு. ஆட்டோமேட்டிக் என்ற பெயரில் வேறு வகைகளும் ஓடுகின்றன. 2014-இல் மாருதியின் செலெரியோவோடு நம் நாட்டில் பரவலான ஏ.எம்.டி., உண்மையில் மேனுவல் பெட்டிதான். கிளட்ச்சையும் கியரையும் ஒரு ஆக்சுவேட்டர் இயக்குகிறது, அவ்வளவே. அது மேடேறத் திணறினாலோ, ஓடும்போது 'என்'னுக்குத் தாவினாலோ முதலில் பார்க்க வேண்டியது கிளட்ச் தேய்மானமும் ஆக்சுவேட்டரின் ஆயிலும். கிளட்ச் மாற்றிய பின் ஸ்கேனரில் புதிதாகக் கற்பிக்காமல் விட்டால் புதுக் கிளட்ச்சும் உதறும். சி.வி.டி.யில் கியர்களே இல்லை. இரும்புப் பட்டை ஒன்று இரண்டு புல்லிகளுக்கு நடுவே ஓடுகிறது. அதன் ஆயில் தனி வகை, சாதாரண ஏ.டி.எஃப். ஊற்றினால் பட்டை வழுக்கிப் புல்லியைக் கீறிவிடும். கீறிய புல்லிக்கு வைத்தியம் கிடையாது. உங்களுடையது எது என்று தெரியாமல் எந்த மெக்கானிக்கிடமும் போகாதீர்கள்.

பெரியப்பாவின் நோட்டு

ஆயில் மூன்று தவணை, ஹோஸும் கிளிப்பும், என்ஜின் மவுண்ட், ஒயர் வேலை, செக் பண்ணியதற்கான 1,500 எல்லாம் சேர்த்து 17,800 ரூபாய் ஆயிற்று. நடுக்கம் முதல் ஆயிலிலேயே பாதி குறைந்தது. மூன்றாவதுக்குப் பிறகு மேடு ஏறும்போது எப்போதாவது லேசாகத் தெரிகிறது.

குளிர்காலக் காலையில் ரிவர்ஸ் இன்னமும் கொஞ்சம் தாமதம்தான். "சீல் இறுகியிருக்கு சார். அதை மாத்தணும்னா பெட்டியைத் திறக்கணும். இப்ப வேணாம். ரெண்டு வருஷம் ஓடலாம், நாலு வருஷமும் ஓடலாம். ரெண்டு செகண்டைத் தாண்டுனா வாங்க" என்று சொல்லி அனுப்பினார்.

பெரியப்பா அதைத் தலைமை ஆசிரியராகவே எடுத்துக்கொண்டார். கார் டேஷ்போர்டில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, தேதி, கிலோமீட்டர், காலை ரிவர்ஸ் எத்தனை விநாடி என்று மூன்று கட்டம். போன ஞாயிறு மன்னார்குடிக்குப் போயிருந்தபோது புரட்டிப் பார்த்தேன். வேப்ப மரத்தடியிலிருந்து காரை எடுத்து வாசலுக்கு எதிரே தகரப் பந்தல் போட்டு நிறுத்தியிருந்தார். கடைசி வரியில் அன்றைய தேதி, 1,12,460, ஒன்றரை. "ஏறுடா, கும்பகோணம் போய் டிபன் சாப்பிட்டுட்டு வரலாம்" என்றார்.